பாதி மாத்திரை

இரண்டாயிரத்தொன்பதில் நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது சுதர்சனுக்கு வேலை போயிற்று. அவனை நாள்தோறும் ஹைடெக் சிட்டிக்கு ஏற்றிச்சென்ற ஆரோக்கியசாமியின் வண்டிக்கும் ஓட்டம் நின்றது. சில மாதங்களில் ஆரோக்கியசாமி மூளையில் இரத்தக்குழாய் வெடித்து மாண்டார்.

துக்கம் கேட்க, ரயில்வே காலனியிலிருந்த அவர் வீட்டுக்குப் பத்மப்ரியா தனியே சென்றாள். தலைவலி என்று அவள் கணவன் சுதர்சன் படுத்துவிட்டிருந்தான்.

"காசை மிச்சம் பிடிக்க பிரஷர் மாத்திரையைப் பாதியா உடைச்சுத்தான் போட்டாரு மேடம்," என்றாள் இறந்தவரின் மனைவி ஸ்டெல்லா. "நக்கோ, வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். படிச்ச சாரே அப்படித்தான் போடறாரு, உனக்கென்ன தெரியும்னு என் வாயை அடைச்சுட்டாரு."

"எந்த சார்?"

ஸ்டெல்லா அவளை வியப்போடு நோக்கினாள். "நம்ம சார்தான். கடைசி சவாரியில பேசிக்கிட்டாங்களாம். ஆனா சார் வீட்டுல இருந்தாரு, இவரு சவாரி போனப்புறம் ராவெல்லாம் லாரி ஓட்டினாரு. அதே பாதி இவருக்குப் பத்தல."

பத்மப்ரியா விடைபெற்றுக்கொண்டு விரைந்து வெளியே வந்தாள். வீடு திரும்பும் ஆட்டோவில் அமர்ந்து அவள் சொல்லத் தொடங்கிய தெய்வத் திருநாமங்கள் இடையிலேயே நின்றன. எஞ்சியவை நினைவுக்கு வரவில்லை.

சுதர்சன் இன்னும் படுத்தே கிடந்தான். தலையணையடியில் உடைந்த மாத்திரைகள் இருந்தன. முழு மாத்திரை ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அதைப் பற்ற அவன் விரல்கள் மடங்கவில்லை.

"கை மரத்துப் போச்சு, ப்ரியா. இப்ப முழுசா போட்டா சரியாயிடுமா?" என்றான். சொற்கள் குழறின.

அவள் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அவன் கையை இறுகப் பற்றியவாறு, தெருவில் அதன் ஒலி எழுகிறதா என்று செவிசாய்த்திருந்தாள்.