ஒல்லியானவள் மெதுவாக விழுவாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவில்லை. பொருள்கள் கீழே விழுவதைப் பற்றி மாணவர் இதழ் ஒன்றுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். 'கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில்தான் விழும்' என்று முதல் வரி எழுதியதுமே எனக்குத் தூக்கம் வந்தது. எடுத்துக்காட்டு தேடிப் பஸ் ஏறியவன், மரக்காணத்தில் உப்புக் குவியல்களைப் பார்த்ததும் இறங்கிவிட்டேன். வைஜெயந்தி அங்கேதான் கிடைத்தாள்.

2

மெலிந்த தேகத்தில் ஆயிரம் சோகங்களைச் சுமந்தபடி அவள்—

(வேண்டாம். மெலிந்தவள்தான். சோகம் நான் ஒட்டவைத்தது. நாலு பேரையாவது கிண்டல் செய்யாமல் அவள் கூடையைத் தூக்கியதில்லை.)

பாத்தியில் வாரிய உப்பைத் தலையில் சுமந்து, சாய்த்துப் போட்ட ஒற்றைப் பலகையில் ஏறி, பன்னிரண்டடிக் குவியலின் உச்சியில் கொட்டுவது அவள் வேலை. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. போன மாதம் பலகை வழுக்கி விழுந்தாள். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அன்று என் எதிரிலேயே, பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டித் தரச் சொன்னதற்கு மேஸ்திரி புருஷோத்தமன் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"ஒல்லியா இருக்கறவ மெதுவாதாம்மா விழுவா. அதுக்குத்தானே உன்னை மேல அனுப்புறேன்? கயிறெல்லாம் எதுக்கு?"

அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே அப்படி நம்பினார். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"யார் சொன்னா? நான் விழுந்தப்ப கூடையும் என்கூடவேதான் வந்துச்சு. பன்னெண்டு வருஷமா சுமக்குறேன், அந்த ஒரு நொடி மட்டும்தான் தலையில பாரமே இல்ல. கனமானது வேகமா போவும்னா, கூடையைவிட கனமான நான் முன்னாடி போயி, கூடை மேலேயே பின்தங்கியிருக்கணும் இல்ல?"

(இங்கே பேனாவைக் கீழே வைத்தேன். நான் முதல் வரியிலேயே திணறியதை இவள் விழுந்துகொண்டே கண்டுபிடித்திருக்கிறாள்.)

"பேச்சு வேணாம், போட்டுக் காட்டு" என்றார் மேஸ்திரி. "கனமும் லேசும் ஒண்ணா விழுந்தா நானே கயிறு கட்டுறேன். இல்லன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

3

பலகைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு தகரத்தைப் போட்டார்கள். பாத்திக்கு நீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் இருசப்பன் நடுவர். திரும்பி நின்று, கேட்ட சத்தம் ஒன்றா இரண்டா என்று அவன் சொல்ல வேண்டும். மேஸ்திரி கொடுத்த எடைக்கல்லையும் வெறுங்கூடையையும் வைஜெயந்தி மேலிருந்து ஒன்றாக விட்டாள். கல் நேராக விழுந்தது. கூடை கடல்காற்றில் தள்ளாடி, பிந்தி வந்தது.

"ரெண்டு" என்றான் இருசப்பன்.

('அன்று காற்றே இல்லை' என்று எழுதி அடித்தேன். மரக்காணத்தில் மதியம் மூன்று மணிக்குக் காற்று இல்லையென்றால் பக்கத்து ஊர் கூனிமேடு வரைக்கும் சிரிப்பார்கள். அவள் தோற்றுப்போனதாகவே முடித்துவிடலாமா என்றும் யோசித்தேன். இலக்கியத்தரமாக இருக்கும். யோசித்ததற்கே வெட்கமாக இருந்தது.)

வைஜெயந்தி என்னை நம்பி நிற்கவில்லை. "இது காத்து பண்ண வேலை! காத்து அசைக்க முடியாத சாமானா குடுங்க" என்று கத்தினாள்.

கூட வேலை செய்யும் மலர்கொடி இரண்டு பேருடைய சாப்பாட்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவு எவர்சில்வர் டப்பாக்கள். ஒன்றில் உப்பை அடைத்தார்கள். மற்றதில் மதியம் மிஞ்சிய பாதிச் சோறு. மூடிகளை இறுக்கினார்கள்.

4

விட்டாள்.

பன்னிரண்டடி விழ ஒரு நொடிகூட ஆகாது. மேஸ்திரியின் சிரிப்பு நிற்க அதைவிட நேரமானது.

சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரே மாதிரி டப்பா இரண்டு இருக்கும். ஒன்றை நிரப்பி, மற்றதில் பாதி போட்டு மூடி, ஒருவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு விடுங்கள். அங்கே கேட்பதுதான் உப்பளத்திலும் கேட்டது. இருசப்பன் என்ன சொன்னான் என்று நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்: "..........."

பொழுது சாய்வதற்குள் மேஸ்திரி பலகையோரம் கம்பு நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வைஜெயந்தி மேலேயிருந்து முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னும் இறுக்கிக் கட்டுங்க மேஸ்திரி. நாளைக்குக் குவியலைப் பாக்க நீங்களும் ஏறணும் இல்ல? குண்டா இருக்கறவங்களும் இதே வேகத்துலதான் விழுவாங்க!"