கொளஞ்சியப்பன் சுற்றிய நீள்வட்டம்

1

இந்தக் கதை ஒரு பாறையைப் பார்த்ததில் வந்தது. கரியாலூருக்கு மேலே ஒரு சின்னக் கோயில். பின்புறம் பெரிய பாறை கிடப்பதால் சுற்றுப்பாதை வட்டமாக இல்லை. பின்னால் இழுத்துவிட்ட மாதிரி நீள்வட்டம். ஆன்மிகமாக ஒன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

'மனித வாழ்க்கை என்பது ஒரு மையத்தை நோக்கிய...'

(அடித்துவிட்டேன். இதற்கு நீங்கள் ராசிபலன் பக்கத்துக்கே போய்விடலாம்.)

2

கொளஞ்சியப்பன் சங்கராபுரத்துக்காரர், மரவள்ளி விவசாயி. வருஷத்தில் பாதி நாள் கழுத்தில் மாலை. ஒரே தங்கை ராஜாம்பாள். அவள் புருஷன் செத்தபோது, "மாலை போட்டுகினு சாவு வூட்டுக்கு வரக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. தன் வாழ்க்கை ஒரு வட்டம், நடுவில் சாமி மட்டும் என்று அவர் நம்பினார். முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

3

இன்று அவளே மலையேறி வந்திருக்கிறாள். மகள் ஷாலினிக்குக் கல்யாணம். தாய்மாமன் கையில் வாங்கினால்தான் பத்திரிகைக்கு மரியாதை. வெற்றிலைத் தட்டோடு கோயில் வாசலில் நிற்கிறாள். அவரோ மௌன விரதம். நேர்ந்துகொண்ட சுற்றில் இருக்கிறார். பாதியில் நிறுத்தினால் குற்றம்.

"அண்ணே, ஷாலினிக்குக் கல்யாணம்ணே."

கடந்து போகிறார். பாறைக்குப் பின்னால் மறைந்து, திரும்ப வருகிறார்.

"சாமி அங்கியேதான் குந்திகினு இருக்கும். நான் கடைசி பஸ்ஸுக்குப் போவணும்ணே."

மறுபடியும் கடந்து போகிறார்.

கற்பூரம் விற்கும் பாப்பாத்தி சிரிக்கிறாள். "இன்னாம்மா, உங்கண்ணன் சாமிக்கே தல சுத்த வச்சிடுவாரு போலருக்கு."

"எங்களுக்கு எப்பவோ சுத்திடுச்சிக்கா."

4

வட்டத்துக்கு ஒரு மையம். நீள்வட்டத்துக்கு இரண்டு, ஒன்றை நெருங்கினால் மற்றதை விட்டு விலகித்தான் ஆக வேண்டும். அந்த இரண்டாவது மையம் தனக்கும் உண்டு என்று பாறைக்குப் பின்னால் வைத்து அவருக்கு உறைக்கிறது. சாவு வீட்டன்றே உறைத்திருக்க வேண்டும். கண் நிறைகிறது. வந்த வழியே திரும்பினால் வாசல் பக்கம்தான். ஆனால் சாமியை இடப்பக்கமாகச் சுற்றக் கூடாதே! அதனால் சுற்று வழியாகவே ஓடுகிறார்.

5

முடிவு ஒன்று: வாசலில் தட்டு மட்டும் இருக்கிறது, அவள்... (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: விரதத்தை உடைத்து, "தங்கச்சி" என்று... (எழுதினேன். நம்ப முடியவில்லை.)

கீழே பஸ் ஹாரன் அடிக்கிறது. ராஜாம்பாள் தட்டைப் பைக்குள் வைக்கிறாள். அவர் ஓடிவருவது அங்கிருந்து தெரியாது. நமக்குத் தெரியும். என் குரல் கதைக்குள் கேட்காது. அவள் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். "கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிப் பாருங்கள்.

"இத்தினி வருசமா இருந்தேனே" என்று அவள் கேட்டால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.