பொன்னுருக்குக்கு வந்த கொண்டையூசி

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு இந்த வம்பே வந்திருக்காது. என் மகள் மிதுஷாவைக் கட்டப்போகிற கெல்வினின் தாய் மிசஸ் லாம், முதல் சந்திப்பிலேயே மரியாதையாகக் கேட்டார், பொன்னுருக்குக்குத் தாங்கள் என்ன வைக்க வேண்டும் என்று. தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குவது எங்கள் வழக்கம். ஒரு பவுண் காசு போதும், ஊர் உலகமெல்லாம் அதைத்தான் வைக்கிறது. ஆனால் சீனக் குடும்பம் எங்கள் சடங்கைக் குறைவாக நினைத்துவிடக் கூடாதே என்று எனக்கொரு வீறாப்பு. "கடையில் வாங்கியது சரிவராது, உங்கள் பரம்பரைப் பொன்னாக இருக்க வேண்டும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஸில் அடித்துவிட்டேன். என் கணவர் அன்புராசா மேசைக்குக் கீழே காலை மிதித்தார். நான் கணக்கெடுக்கவில்லை. பழைய மோதிரம் ஏதாவது கொண்டுவருவார்கள் என்றுதான் நினைத்தேன்.

பொன்னுருக்கு அன்று காலை ஒன்பது மணிக்கே ஒஷாவா நகரில் இருக்கிற அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். அந்தச் சடங்குக்கு மணப்பெண் வரக்கூடாது என்பதால் மிதுஷா வீட்டில் நின்றுவிட்டாள். புகை அலாரம் கத்தாமல் இருக்க, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியை அதற்கு மாட்டிவிட்டிருந்தான் கெல்வின். நகை வேலை செய்கிற அருள்நாயகம் அண்ணை நிறைகுடத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்து, சின்ன காஸ் அடுப்பும் பொன் உருக்குகிற மண் ஓடும் குறடுமாக உட்கார்ந்தார். மிசஸ் லாம் ஒரு சிவப்புப் பட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்து வைத்தார்.

உள்ளே ஒரு கொண்டையூசி. ஒரு சாண் நீளம். தலைப்பில் சிறகு விரித்த பறவை, அதன் கண்ணில் சிவப்புக்கல், சிறகில் நீலக்கல், வால் முழுக்கப் பச்சை ஜேட் கல். பொன்னோ எங்கள் இருபத்திரண்டு கரட்டைவிட மஞ்சள். தன் கொள்ளுப்பாட்டி கல்யாணத்துக்குத் தலையில் வைத்தது, அதற்குப் பிறகு வீட்டில் ஒவ்வொரு மணப்பெண்ணும் வைத்தது என்று மிசஸ் லாம் சொன்னார்.

அருள்நாயகம் அண்ணை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதல்ல கல்லுகளைக் கழட்டவேணும், தங்கச்சி. கழட்டினா உது பிறகு ஒருக்காலும் இப்பிடிச் சேராது. சொல்லுங்கோ, உருக்கிறதோ?"

நான் மிசஸ் லாமைப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். சோபாவில் எங்களோடு வந்த தெய்வநாயகி மாமி இருந்தார். இங்கே நான் ஒரு சொல் பிசகினால், இனி ஒரு கல்யாணவீடு, ஒரு செத்தவீடு விடாமல் அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

"நல்ல நேரம் பத்தேகாலோட முடியுது, பிள்ளை."

குறடு சிவப்புக் கல்லைப் பிடித்திருந்த பொன் கம்பியில் பட்டது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"குறட்டை வையுங்கோ. நான் பொய் சொன்னனான். பவுண் காசு போதும்."

அருள்நாயகம் அண்ணை குறட்டைப் பாயில் வைத்தார். தெய்வநாயகி மாமிதான் கேட்டார், "ஏன் பிள்ளை பொய் சொன்னனீ?"

"பெருமைக்குத்தான் மாமி."

மிசஸ் லாமுக்கும் அதை இங்கிலிஸில் சொன்னேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. கெல்வின் சட்டைப்பையில் இருந்து ஒரு பவுண் காசை எடுத்து வெற்றிலையில் வைத்தான். மேசைக்குக் கீழே காலை மிதித்த மனுசன் அடுத்த நாளே அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்ல மட்டும் இருவருக்கும் துணிவு வரவில்லை.

"அப்ப உங்கட அம்மாட்டயும் சொல்லேல்லையே?" என்று கெல்வினிடம் நான் கேட்க, அன்புராசாதான் பதில் சொன்னார்.

"சொன்னவன். தாய்தான் கேக்கேல்லை, நீ கேட்டது இதைத்தானாம், நீ கேட்டதைத்தான் தருவாவாம். காசைப் பற்றி உன்னட்ட மூச்சும் விடக்கூடாதெண்டு சொல்லிப்போட்டா."

மிசஸ் லாம் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரித்தார், கண்ணையும் துடைத்தார். முடியாது என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். "நான் முடியாது என்று சொல்லி, நீங்களும் என் பிள்ளைக்கு முடியாது என்று சொல்லியிருந்தால்? உங்களைப் பார்க்க எனக்குப் பயம்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் என்ன நினைப்பாரோ என்று பயந்து முதல் சந்திப்புக்கு மூன்று சேலை மாற்றிக் கட்டிக்கொண்டு போனவள் நான்.

பத்து மணி பதின்மூன்று நிமிடத்துக்குக் காசு இளகி, மண்ணோட்டில் உருண்டு திரண்டது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மிசஸ் லாம் ஊசியைப் பெட்டியில் வைத்து மூடி, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கும்பிட வசதியாக இருக்கட்டும் என்று, பெட்டியை நான் வைத்திருக்கவா என்று கேட்டேன்.

"நோ" என்றார். அவர் எனக்கு முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.