சாமான்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில், வீட்டுச் சமையலறை மேசையில் கைப்பேசியைத் தேநீர்க் கோப்பையில் சாய்த்துவைத்து, ராகவி நிலனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் அப்பா சண்முகலிங்கம் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் ஹூஸ்டனில் பிறந்த நிலன், ஒஸ்லோவுக்கு ஒரு வருடம் படிக்க வந்தபோது அவள் மனதையும் எடுத்துக்கொண்டு போனவன். ஆவணியில் அங்கே அவனுடைய பல்கலைக்கழகத்துக்கே அவளும் படிக்கப் போகிறாள். தையில் கல்யாணம்.

"இரவிலை லைப்ரரியாலை தனிய வரப் பயமில்லையோ?" என்றாள்.

"என்ன பயம்? சாமான் இடுப்பிலை இருக்கு."

"என்ன சாமான்? தாலிக்கொடியோ? இப்பவே வாங்கி இடுப்பிலை கட்டிக்கொண்டு திரியிறியோ?"

அவள் மட்டும்தான் சிரித்தாள். பின்னால் கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

"தம்பி, அந்தச் சொல்லை உமக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்றார் அப்பா.

"என்ரை அப்பாதான், மாமா. ஊரிலை சண்டைக் காலத்திலை துவக்கை நீங்கள் எல்லாரும் அப்பிடித்தானே சொன்னனீங்கள்." நிலன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி, சின்னதாக, கறுப்பாக இருந்தது. "லைசென்ஸ் இருக்கு. கம்பஸுக்குள்ளை கொண்டு போகலாம். என்ரை வகுப்பிலை கனபேர் வைச்சிருக்கினம். சிலபேர் வேண்டாமெண்டு பதாகை பிடிக்கினம். ஒருத்தன் சுட வந்தா பதாகையாலையோ மறிக்கிறது?"

"ஆரிட்டை இருக்கு, ஆரிட்டை இல்லை எண்டு எப்பிடித் தெரியும்?" என்றாள் ராகவி.

"தெரியாது. அதுதானே விசயம்."

"நான் வந்தாப் பிறகு அது வேண்டாம் நிலன்."

"நீ வந்தாத்தான் இன்னும் தேவை."

பனி வழுக்கும் நாட்களில், ரயிலடியிலிருந்து வீடுவரைக்கும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடந்திருக்கிறாள்.

"அது நான் கை வைக்கிற இடம்."

"மற்றப் பக்கம் இருக்கே," என்று பகிடி விட்டான்.

"பிறகு கதைக்கிறன்," என்று அழைப்பைத் துண்டித்தாள்.

"அப்பா, சாமான் எண்டா எனக்குக் கடைச்சாமான்தான் தெரியும்."

"உனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும் எண்டுதான் பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனாங்கள்." சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "ஆனா நல்ல பெடியன். முடிவு உன்ரை."

நல்லவன் என்பதுதான் அவளைக் கொன்றது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து திரும்ப அழைத்தாள். நிலன் உடனே எடுத்தான்.

"பார், கழட்டி மேசையிலை வைச்சிட்டன். சந்தோசமோ?"

"நாளைக்கு வகுப்புக்குப் போகேக்கை?"

அவன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கை தானாக மேசைப் பக்கம் போனது.

"நான் அங்கை வரேல்லை நிலன்," என்றாள். ஆனாலும் அழைப்பைத் துண்டிக்க அவளுடைய விரல் அசையவில்லை.