வகுத்தால் பதினொன்று

1

இந்தக் கதை ஒரு வகுத்தல் கணக்கில் பிறந்தது. போட்டவன் நான்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்திருந்தேன்: ‘விமானம் தரையை விட்டு எழும்பியபோது அவள் கைப்பைக்குள்...’

(வேண்டாம். பதினெட்டு வருஷமாக வார இதழில் தொடர் எழுதுகிறவனுக்குக் கைப்பை என்றாலே துப்பாக்கி வந்துவிடும். இவள் என் அக்கா. பையில் இருந்தவை திருத்தாத விடைத்தாள்கள்.)

2

அக்கா ஒரு கண்டத்தில். அப்பா படுத்திருந்த ஆஸ்பத்திரி இன்னொரு கண்டத்தில். அன்று காலை டாக்டர் என்னைத் தனியே அழைத்து, நாளை மத்தியானம் தாண்டுவது கஷ்டம் என்றார். அக்காவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு அன்றைக்குப் பள்ளியில் பரீட்சை.

“எத்தனை மணி நேரம்டா ஆகும்? உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே.”

தூரம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். வேகம் மணிக்குத் தொள்ளாயிரம்.

“பதினோரு மணி நேரம்க்கா. பரீட்சையை முடிச்சுட்டே சாயங்காலம் கிளம்பு, போதும்.”

அக்கா கணக்கு டீச்சர். வகுத்தல் சரியாக இருந்ததால் நம்பிவிட்டாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: என் கொலைகாரர்கள் எல்லோரும் இந்தக் கணக்குப்படிதான் பறப்பார்கள். கொலைகாரன் நடுவழியில் விமானம் மாற, பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அதனால் அந்தக் காத்திருப்பை நான் எழுதியதே இல்லை.)

3

இந்த இடத்தில் தம்பியை, அதாவது என்னை, டிக்கெட் ஏஜெண்டாக மாற்றிப் பார்த்தேன். பழி யாரோ ஒரு ஏஜெண்ட் தலையில் போகட்டுமே. ஒட்டவில்லை. ஏஜெண்ட் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அத்தியாயம் கொடுக்கிற அவசரத்தில் அதைப் பார்க்காதவன் நான்தான்.

நேர் விமானமே கிடையாது. பரீட்சை முடிந்து டிக்கெட் போட்டபோதுதான், நடுவில் ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரிந்தது. பரீட்சையை விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் பிடித்திருக்கக்கூடிய மத்தியான விமானத்தில் காத்திருப்பு ஒரு மணி நேரம். அது போய்விட்டிருந்தது.

அப்பா இரண்டு தடவை கேட்டார், “வந்துட்டாளா?” மூன்றாம் தடவை கேட்கவில்லை.

அக்காவை அழைத்துச் சொன்னேன். போனில் அவளுக்குப் பின்னால் ஒலிபெருக்கி யாரோ ஒரு பயணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

4

வீட்டுக்குள் நுழைந்தவளிடம் பெரியப்பா முதலில் கேட்டது, ஏன் இவ்வளவு நேரம் என்றுதான்.

“பிளேன் லேட்டு, பெரியப்பா.”

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

முடிவு ஒன்று: நான் குறுக்கே புகுந்து உண்மையைச் சொல்கிறேன். (சொல்லவில்லை. தொண்டையைக் கனைத்ததோடு சரி.)

முடிவு இரண்டு: அக்கா என்னை மாடிக்கு இழுத்துப்போய் வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். இதை நாலு தடவை எழுதினேன். நாலிலும் கடைசியில் மன்னித்துத் தொலைக்கிறாள். பேனா என் கையில் இருந்தால் வேறென்ன செய்வாள்?

ஆகவே அக்கா என்னிடம் சொல்லும் அந்த வரியை நீங்களே எழுதுங்கள். ஆறுதலாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

“டேய்,