மிச்சம் அஞ்சு நகம்

நெயில் சலூன்ல ஒரே சம்பளத்துக்கு ஆறு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிட்டேன். இன்னைக்கு முதலாளியம்மாவுக்கே பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தப்ப வாய்விட்டுக் கேட்டேன்.

"அக்கா, சம்பளம் கூட்ட மாட்டீங்கன்னா, புதுப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக்குடுக்குற வேலையாவது குடுங்க."

கடை நிறைய ஆள் இருக்கும்போதே சிரிச்சாங்க. "இதுல சொல்லிக்குடுக்க என்னடி இருக்கு? சின்னப் புள்ளகூட ரெண்டு நாள்ல கத்துக்கும். உன் வேலைக்கு ஆளுக்கா பஞ்சம்?"

அவங்க இடது கை அப்பத்தான் முடிஞ்சு ஈரமா இருந்துச்சு. வலது கையை இன்னும் தொடவே இல்ல. நான் எழுந்து பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, பிரஷை அந்த ஈரக் கையிலயே திணிச்சேன்.

"மிச்சத்தை நீங்களே போட்டுக்குங்க அக்கா. இடது கையால போடப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. உங்களுக்கு ரெண்டு நாள் போதுமே."