வெள்ளத்தன்று நடந்த வளைகாப்பு

சுங்காய் ஆற்றோரத் தாமான் குடியிருப்பில் அன்று பிரமிளாவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. அக்காள் கலாதேவி ஜெலாப்பாங்கிலிருந்து இரண்டு நாள் முன்னதாகவே வந்து, பொழுது விடிந்த கையோடு ஏழு வகைச் சோற்றையும் கிளறி முடித்திருந்தாள். மழைதான் மூன்று நாளாக விட்டபாடில்லை.

எட்டு மணிக்குக் கைப்பேசியில் வெள்ள எச்சரிக்கை வந்தது. கலாதேவி பின்கதவைத் திறந்து பார்த்தாள். கால்வாய்த் தண்ணீர் பாலத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

"தர்மா, கெளம்பலாம். இப்பவே."

பிரமிளாவின் கணவன் வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்னாக்கா நீங்க, வருசா வருசம் வர்ற பாஞ்சீர் வெள்ளந்தான்லா. முட்டிக்குக் கீழ நின்னுட்டுப் போயிரும். பதினோரு மணிக்கு ஆளுங்க வர்றாங்க."

"ஆயர் தாவார்ல இருந்தப்ப நாங்களும் இதான் சொன்னோம். கடைசில கூரை மேல உக்காந்து படகுக்குக் காத்துக் கெடந்தோம். வயித்துப் பிள்ளக்காரிய நீ கூரையில ஏத்துவியா?"

தர்மா மனைவியைப் பார்த்தான். அவள் கிளினிக் புத்தகத்தையும் மருந்தையும் ஏற்கெனவே பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அடையாள அட்டைகள், வீட்டுப் பத்திரம் எல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் போயின. தர்மா கேஸ் தோம்பின் வால்வை மூடினான். வீட்டுக்குள் தண்ணீர் வருமுன்பே மெயின் சுவிட்சை இறக்கினான்.

"சோறு, அக்கா?" என்றான்.

"விட்டுட்டா போவோம்? தூக்கு!"

காரில் ஏறிப் போனபோது, பெரிய சாலையின் பள்ளத்தில் செந்நிறத் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. "கணுக்கால் அளவுதான், மெதுவா போயிரலாம்," என்றான் தர்மா.

"ரோட்டுக் கோடு தெரியுதா ஒனக்கு? தெரியலேல்ல? திருப்பு காரை."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திருப்பினான். செம்பனைத் தோட்டத்து மேட்டுப் பாதையைச் சுற்றிக்கொண்டு, துயர் துடைப்பு மையமாகத் திறந்திருந்த பள்ளி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

சற்று நேரத்தில் நனைந்த கோழிபோல ஒரு லோரிக்காரரைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதே பள்ளத்தில் லோரியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். தர்மா அவருக்குத் துண்டு கொடுத்தான். பிறகு வந்து ஓர் இலையில் புளிச்சோறு வைத்துக் கலாதேவியிடம் நீட்டினான்.

"மொதல்ல நீங்க சாப்பிடுங்கக்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றும் சொல்லிக்காட்டாமல் வாங்கிக்கொண்டாள்.

பிரமிளாவின் கண் மட்டும் கலங்கியிருந்தது. "வளைகாப்பு போனா போவுதுக்கா."

"ஏன் போவுது? நீ கூப்பிட்ட ஆளுங்கள்ல பாதிப் பேரு இங்கதான் பாய் போட்டு உக்காந்திருக்காங்க, பாரு!"

உண்மைதான். அதே தாமான்காரர்கள் அல்லவா! வளையல் பெட்டியைக் கலாதேவி வரும்போதே மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆசிரியர் நாற்காலி ஒன்று மேடைக்கு வந்தது. யாரோ சந்தனம் கொடுத்தார்கள். பக்கத்துப் பாயிலிருந்த மலாய்க்காரப் பெண் சைத்தோன், "நானும் போடலாமா?" என்று மலாயில் கேட்டு முதல் ஆளாக எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் கடைவீதிச் சீன அம்மா ஒருவர், பிறகு சமையற்கட்டுப் பெண்கள், கடைசியில் பெயர் தெரியாத இருபது பேர். வளையல் முழங்கைவரை ஏறிவிட்டது.

"ஐயோ, கைய மடக்க முடியலக்கா!"

மண்டபமே சிரித்தது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை உள்ளே உதைத்ததாம். பிரமிளா சைத்தோனின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக் காட்டினாள். ஏழு பானைச் சோறும் ஒரு மணி நேரத்தில் காலி.

நான்காம் நாள் தண்ணீர் வடிந்ததும் தர்மா மட்டும் முதலில் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கலாதேவியைக் கைப்பேசியில் அழைத்தான்.

"செவுத்துல நெஞ்சு வரைக்கும் சேறுக்கா. சாமான் போனா போவுது. சுவிட்ச நான் தொடல, வயர்மேன் வந்து பாத்தப்பறம்தான்."

"நல்லது. பூட்ஸ் போட்டுருக்கியா?"

"போட்டுருக்கேன்க்கா, போட்டுருக்கேன்!"